பில்லை கொடுத்த ரத்தம்

ராயபுரம்
10 ஜூன் 2002

டெரிக்,

நீ எங்கள் ரத்தத்தை விற்றுவிட்டாய்.

இதை போனில் கேட்டிருப்பேன். தாமஸ் பூத்தில் பேசினால் நான் ரிசீவரை வைப்பதற்குள் விஷயம் காசிமேட்டுக்குப் போய்விடும். அதனால்தான் கடிதம். நீயும் அந்த பூத்துக்கு இனி போன் செய்யாதே. கூப்பிட ஆள் வந்தாலும் நான் போக மாட்டேன்.

மார்ச் மாதம் உங்கள் பெங்களூர் ஆராய்ச்சி ஆபீஸ் வேனில் வந்தீர்கள். கன்டெய்னர் யார்டு வாசலில் மேசை போட்டீர்கள். மூட்டை தூக்குகிற ஆம்பளைகளை வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொரு குழாய் ரத்தம் உறிஞ்சினீர்கள். வாயில், தொண்டையில் கேன்சர் இருந்தால் ரத்தத்திலேயே தெரிந்துவிடும் என்றீர்கள். அதற்குக் கூலி ஒரு பிஸ்கட் பொட்டலம், ஒரு எவர்சில்வர் டம்ளர். தெருவில் எல்லா வீட்டிலும் அந்த டம்ளர் இருக்கிறது, என் வீட்டில் இல்லை. உன் மாமாவைக் கேட்டால், "யாருக்கோ குடுத்துட்டேன், வுடு" என்கிறார். தம்பி வந்திருக்கிறான், கையை நீட்டுங்கள் என்று முந்தின நாள் அவரிடம் சொன்னவளே நான்தான்.

அதற்குப் பிறகு உங்களிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. போன வாரம் உங்கள் ஆபீஸ் ஆள் ஒருவன் வந்தான். வீட்டுக்கு வரவில்லை. யார்டு கேட்டில் நின்றுகொண்டு, லாரிக்காரர்கள் எல்லாம் பார்க்க, "அம்புரோஸ் யாருங்க? உங்க ரத்தத்துல சர்க்கரை ஏறியிருக்கு. கேன்சர் டாக்டரைப் பாருங்க" என்று கத்திவிட்டுப் போனான்.

அன்றைக்கே தண்ணீர்ப் பானைப் பக்கம் அவரை விடவில்லை. மறுநாள் ஞானம் மேஸ்திரி, "ஒடம்ப பாத்துக்கோ நைனா, சரியான அப்பால வா" என்று பில்லையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். சட்டையில் குத்துகிற அந்த நம்பர் போட்ட பித்தளைத் தகடு இல்லாமல் வாட்ச்மேன் கேட்டுக்குள் விடமாட்டான். இப்போது வீட்டில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இறால் உரிக்கிற என் கூலியில் அடுப்பு எரிகிறது.

குழாயடியில் ஜன்னத் கேட்டாள்: "இன்னா மேரி, உன் வூட்டுக்காரர் வாயில பூச்சி கீதாமே?"

"உன் வாயில கீறத வுட கம்மிதான்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டார்ச் அடித்துப் பார்த்தார்கள், கன்னத்தை இழுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை, பல்லை ஒழுங்காக விளக்கச் சொல் என்றார்கள். சர்க்கரை என்றானே என்று அவர் டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டேன். கஷாயம் மாதிரி குடிக்கிறார்.

இப்போது எங்கள் வீட்டுப் படியேறுகிற ஒரே ஆள் அவருடைய தோஸ்து மண்ணாங்கட்டி அண்ணன்தான், புளியந்தோப்புக்காரர். மற்றவர்கள் தள்ளி நிற்கும்போது அவர் மட்டும் இவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார். அவரும் ஒரு வம்பு. என் மீன் குழம்பை நாக்கில் வைத்ததும், "எரியுதும்மா, இன்னா மொளகா இது, கஞ்சி இருந்தா ஊத்து" என்று தட்டைத் தள்ளினார். என் குழம்பை இதுவரை ஒருத்தரும் தள்ளியதில்லை.

என் புருஷன் ரத்தத்தில் என்ன இருக்கிறது? அதை யாரிடம் கொடுத்தாய்? எழுது.

அடைக்கலமேரி


பெங்களூர்
18 ஜூன் 2002

அக்கா,

விற்கவில்லை. மாமாவின் ரத்தம் இங்கே ஃப்ரீசரில் இருக்கிறது. தினமும் நான்தான் அந்தக் கதவைத் திறந்து மூடுகிறேன்.

கேட்டில் கத்தியது அட்டெண்டர். வீட்டு விலாசம் எழுதிக் கொடுத்து, கேட் பக்கமே போகாதே என்று சொல்லி அனுப்பினேன். வெயிலில் சந்து தேட சோம்பல். கேட்டிலேயே முடித்துக்கொண்டு பீச் ரோட்டில் ஐஸ் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறான். சண்டை போட்டேன். ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர் என்னைத்தான் அடக்கினார்.

முதலில் டீயில் சர்க்கரை போடு. இது சர்க்கரை வியாதி இல்லை. ரத்தத்தில் மிதக்கிற புரதங்களோடு சில வகைச் சர்க்கரைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், எல்லோருக்கும். வாய், நாக்கு, தொண்டை இங்கெல்லாம் கட்டி வந்தவர்களுக்கு அந்த ஒட்டின சர்க்கரை ஏறுகிறது என்று இங்கே பார்த்திருக்கிறார்கள். கட்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஏறுமா, அதை வைத்து முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. முடிவு தெரிந்த விஷயம் இல்லை. பல்லில் சீழ் கோத்தாலும் ஏறும், டி.பி. இருந்தாலும் ஏறும். இதை மட்டும் வைத்து யாருக்கும் கேன்சர் என்று சொல்ல முடியாது.

ஆனால் மாமாவுடையது கொஞ்சம் ஏறவில்லை. உங்கள் யார்டிலேயே அதுதான் அதிகம். இங்கே வார்டில் கட்டியோடு படுத்திருக்கிறவர்களுக்கு இருக்கிற அளவு. டாக்டர் மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் அதேதான் வந்தது.

நீ என்னைக் கேட்டாய், நானும் கேட்கிறேன். மாமா அந்த மாவாப் புகையிலை போடுவதை விட்டுவிட்டார் என்று ஈஸ்டருக்கு நீ சொன்னாய். உண்மையா? வேன் வந்த அன்று நான் உள்ளே ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கிற மெஷினோடு இருந்தேன். ரத்தம் எடுத்த மேசை வெளியே, கூப்பிடு தூரம்கூட இல்லை. மச்சான் வந்திருக்கிறானே என்று ஒரு தடவை எட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு எனக்கு வருத்தம். இன்றைக்கு சந்தேகமாக இருக்கிறது. மாமா எதையோ மறைக்கிறார்.

வாயில் தெரியாவிட்டால் தொண்டைக்குள் இருக்கலாம். குழாய் விட்டுப் பார்க்கச் சொல். தள்ளிப் போடாதே.

டெரிக்


ராயபுரம்
9 ஜூலை 2002

டெரிக்,

குழாய் விட்டுப் பார்த்தாகிவிட்டது. மூக்கு வழியாக விட்டார்கள். அவர் மாதா பேரைச் சொல்லிக் கத்தினார். தொண்டை சுத்தம். பெரிய டாக்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனேன். மேஸ்திரி வாங்கிப் பார்த்துவிட்டு, "கண்ணுக்குத் தெரியல சரிம்மா, ரத்தத்துல கீதுன்னு உன் தம்பி ஆபீஸ்ல சொல்றாங்களே. நாள பின்ன ஒண்ணு ஆச்சுன்னா கம்பெனி என்னைத்தான் கேக்கும்" என்றார். ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான், அதை அழிக்க எத்தனை டாக்டரிடம் நான் வாயைத் திறந்து காட்டவைக்க வேண்டும்?

உங்கள் வேன் ஏன் அண்ணா நகருக்குப் போகவில்லை? யார்டு மேனேஜரும் புகையிலை போடுகிறவர்தான். அவர் கையை ஏன் நீட்டச் சொல்லவில்லை? அவருக்கு ஏறியிருந்தால் ரோட்டில் நின்று கத்தியிருப்பானா உன் அட்டெண்டர்? ஏசி அறைக்குள் போய்க் காதில் சொல்லியிருப்பான். நாங்கள் டம்ளருக்குக் கை நீட்டுகிறவர்கள், எங்கள் விஷயத்தை எங்கே வேண்டுமானாலும் கொட்டலாம்.

குழாய்களை நீங்கள் மாற்றிவிட்டீர்கள், அவ்வளவுதான். ரேஷன் கடை வரிசையில் அடுத்த வீட்டு மண்ணெண்ணெய் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் அடி வாங்கியவன்தானே நீ. மறுபடி ரத்தம் எடு. இந்தத் தடவை என் கண் முன்னால் எடு.

குழாய் விட்ட அன்று மண்ணாங்கட்டி அண்ணனும் துணைக்கு வந்தார். இவரைவிட அவருக்குத்தான் பயம். இந்த வெயிலிலும் கழுத்தைச் சுற்றித் துண்டு. டாக்டர் அந்தக் குழாயைக் கையில் எடுத்ததும், "எனக்குக் காது குத்துது, நான் வெளிய கீறேன்" என்று எழுந்து போனார். திரும்பி வரவே இல்லை. "தொண்டைல வுடறதுக்கு இவனுக்கு ஏன் காது குத்துது" என்று அந்த நிலைமையிலும் உன் மாமா சிரித்தார்.

அவர் மாவாவை விட்டுவிட்டார். நான் சட்டைப் பையைத் தினமும் பார்க்கிறேன். மறைக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

மேரி


பெங்களூர்
6 ஆகஸ்ட் 2002

அக்கா,

நீ நேரில் நின்று எடுக்கவைத்த ரத்தம் ஐஸ் பெட்டியில் வந்து சேர்ந்தது. நானே ஓட்டினேன். எல்லாம் சாதாரண அளவு. மாமாவுக்கு ஒன்றும் இல்லை. இன்று மாலை கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினேன். நான் கோயிலுக்குப் போய் எவ்வளவு நாள் ஆயிற்று என்று உனக்குத் தெரியும்.

இனி சொல்லப்போவதை உட்கார்ந்து படி.

குழாய் மாறியிருக்கும் என்று நீ எழுதியதை நானும் நம்பினேன். மார்ச் மாதத்துக் குழாயில் மிச்சம் இருந்ததை எடுத்தேன். சிவப்பணு போய்விட்டாலும் மேலே தெளிந்து நிற்கிற நீரை வைத்தே என்ன குரூப் என்று கண்டுபிடிக்கலாம். மாமா ஓ குரூப். உன் பிரசவத்துக்கு ரத்தம் கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது, புது ரத்தத்திலும் ஓதான். மார்ச் மாதத்துக் குழாய் பி. இங்கே மாறியிருந்தால் வேறொருவர் குழாயில் மாமா ரத்தம் இருக்க வேண்டும். உங்கள் யார்டு குழாய்கள் அத்தனையும் சோதித்துவிட்டேன். விசாரித்த வரை யார்டில் பி குரூப்காரர்கள் எல்லோருக்கும் அவரவர் குழாயிலும் பிதான் இருக்கிறது. அம்புரோஸ் என்று ஒட்டிய குழாயில் மட்டும் யார்டு வரிசையிலேயே இல்லாத ஒரு ஆளின் ரத்தம்.

மாமா அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. அதனால்தான் என்னை எட்டிப் பார்க்கவில்லை. அதனால்தான் டம்ளர் உன் வீட்டுக்கு வரவில்லை.

உட்கார்ந்தது யார்? எனக்குக் கோபம் இல்லை. அந்த ஆளுக்கு நேரம் இல்லை. மார்ச்சில் அந்த அளவு என்றால் இப்போது எவ்வளவு என்று தெரியாது. உனக்கும் இது முன்பே தெரியுமா? தெரிந்துகொண்டுதான் நான் ரத்தத்தை விற்றேன் என்றாயா?

டெரிக்


ராயபுரம்
20 ஆகஸ்ட் 2002

தம்பி டெரிக்,

எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மூக்கில் குழாய் விட விட்டிருப்பேனா?

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். ராத்திரி முழுக்க வரவில்லை. காலையில் வந்து சொன்னார். அவருக்கு முதுகு போய் வருஷமாகிறதாம். மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகு போய்விட்டது என்று தெரிந்தால் அன்றே வெளியே. அதனால் முடியாத நாளில் வேறொருவர் அவருடைய பில்லையைக் குத்திக்கொண்டு உள்ளே போவார். கூலியைப் பிரித்துக்கொள்வார்கள். மேஸ்திரிக்கும் அதில் உண்டு. யார்டில் பாதிப் பேர் இப்படித்தானாம். சொந்தப் பில்லை இல்லாதவர்கள் ஒரு கூட்டமே இருக்கிறார்கள், அடுத்தவர் பில்லையிலேயே வருஷக்கணக்காகத் தூக்குகிறார்கள். கம்பெனிக்கு அப்படிப்பட்ட ஆட்கள் இருப்பதே தெரியாது. தெரியாத மாதிரி இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அன்று உங்கள் மேசையில் பேரைக் கூப்பிடவில்லை. பில்லை நம்பரைக் கூப்பிட்டார்கள். அந்த நம்பரைச் சட்டையில் குத்தியிருந்தவர் கையை நீட்டினார். மாட்டேன் என்றால் மாட்டிக்கொள்வார்களே. இவர் அப்போது காசிமேட்டில் ஏதோ படகடியில் படுத்துக் கிடந்தாராம். எனக்கு யார்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு.

பேர் சொல்ல மாட்டேன் என்கிறார். "சொன்னா அவன் போவான், நான் போவேன், ஞானம் போவான், நாப்பது வூடு போவும்" என்கிறார். கத்திப் பார்த்தேன், அழுது பார்த்தேன்.

இப்போது நான் கேட்பதைச் செய். மேஸ்திரி ஒரு வழி சொல்கிறார். உங்கள் ஆபீஸ் தாளில், குழாய் மாறியது எங்கள் தவறு, அம்புரோஸுக்கு எந்த நோயும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. கம்பெனிக்கு அது போதும். பில்லையைத் திருப்பித் தருவார்கள்.

விற்றுவிட்டாய் என்று எழுதியதற்கு என்னவோ எழுத வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. இப்போது மண்ணாங்கட்டி அண்ணனும் வருவதில்லை. வீடு வெறிச்சென்று இருக்கிறது.

மேரி


பெங்களூர்
27 ஆகஸ்ட் 2002

அக்கா,

நீ கேட்ட தாள் இதோடு இருக்கிறது. ஆபீஸ் முத்திரை போட்டது. குழாய்களை மாற்றி ஒட்டியவன் நான் என்று எழுதியிருக்கிறேன். டாக்டருக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உண்மையை எழுதினால் மாமாவுக்கு வேலை போகிறது, பொய்யை எழுதினால் எனக்குப் போகிறது. எனக்குக் குழந்தை இல்லை.

அதற்குப் பதிலாக ஒன்று.

உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். மீன் குழம்பு எரிகிறது, கஞ்சி ஊற்று என்ற ஆள். வெயிலில் கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிய ஆள். காது குத்துகிற ஆள். அக்கா, தொண்டையில் கட்டி இருக்கிறவர்களுக்குக் காது வலிக்கும். இங்கே வார்டில் வருகிறவர்கள் பாதிப் பேர் முதலில் காது டாக்டரிடம் போய்விட்டுத்தான் வருகிறார்கள். துண்டு கட்டுவது கழுத்து வீக்கத்தை மறைக்க. உனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கிறார்.

மண்ணாங்கட்டி அண்ணன்தானே? ஆம் என்று மட்டும் எழுது. யார்டுக்குச் சொல்ல மாட்டேன், டாக்டருக்கும் சொல்ல மாட்டேன். நானே வந்து கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன், அவர் பேரில். எனக்குத் தெரிந்து அவர் பேரில் நடக்கிற முதல் காரியமாக அது இருக்கும்.

இங்கே டாக்டர் கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டார். ஒத்துவராத அந்த ஒரு குழாயைப் பிழை என்று நீக்கிவிட்டார்கள்.

டெரிக்


ராயபுரம்
17 செப்டம்பர் 2002

தம்பிக்கு,

தாள் கிடைத்தது. மேஸ்திரி அதை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தாராம். "படிச்ச பையன் பண்ற வேலையா இது" என்று எல்லோரும் சிரித்தார்களாம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

உன் மாமாவுக்குப் பில்லை வந்துவிட்டது. இப்போது தூக்கச் சொல்வதில்லை. மேஸ்திரி அவரை நிழலில் உட்காரவைத்து லாரிகளை எண்ணச் சொல்லியிருக்கிறார். முதுகுக்கு நல்லது. ஜன்னத் சட்டி கொண்டுவந்து குழம்பு வாங்கிப் போனாள்.

நீ கேட்டது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. யார்டில் பில்லை மாற்றுகிற பழக்கமே கிடையாது என்று மேஸ்திரி சொல்கிறார். முன்பு நான் ஏதோ கோபத்தில் எழுதியிருப்பேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. இனி இதைப் பற்றி எழுதாதே.

கிறிஸ்துமஸுக்கு வா.

மேரி


பெங்களூர்
8 அக்டோபர் 2002

அக்கா,

கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறுக்க முடியாமல் போன வாரமே வந்தேன். தாள் விஷயம் டாக்டருக்குத் தெரிந்து வேலை போய்விட்டதால் லீவு கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தட்டியதும் நின்றுவிட்டது. கதவு திறக்கவில்லை. எதிர் வீட்டிலிருந்து ஜன்னத் பார்த்துக்கொண்டே இருந்தாள். "வூட்ல ஆள் இல்ல தம்பி" என்றாள், என் கண்ணைப் பார்க்காமல். உன் செருப்பு வாசலில்தான் கிடந்தது.

யார்டுக்குப் போனேன். மாமா நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து லாரிகளுக்குப் பின்னால் போய்விட்டார். மேஸ்திரி என் தோளில் கை போட்டு கேட்டுக்கு வெளியே நடத்திக்கொண்டு வந்தார்.

"இன்னா மாமு, கொயா மாத்துனவன் இங்க இன்னா தேடற?"

"மண்ணாங்கட்டி அண்ணனைப் பாக்கணும்."

"அப்டி ஒரு பேரா? அந்தப் பேர்ல இங்க யாரும் வேலை செஞ்சதில்ல. வேணும்னா வாட்ச்மேனைக் கேளு."

கேட்டேன். வாட்ச்மேன், "பில்லை நம்பர் சொல்லுங்க" என்றான்.

புளியந்தோப்பில் ஹவுசிங் போர்டு பிளாக் பிளாக்காக ஏறி இறங்கினேன். அவர் வீடு என்று காட்டிய கதவில் பூட்டு. பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்: "அதுவும் அது பொண்டாட்டி கெங்கம்மாவும் போய்ட்டாங்கப்பா. யார்டு மேஸ்திரி அத்திப்பட்டு கரண்ட் கம்பெனில சாம்பல் வார்ற வேலைன்னு இட்டுனு போனாரு. கொரலே இல்ல அதுக்கு, காத்துதான் வருது. அந்த ஒடம்ப வச்சிக்கினு இன்னாத்த வாரும்?" ஜன்னல் கம்பி வழியாக உள்ளே பார்த்தேன். அலமாரியில் எங்கள் டம்ளர் இருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அத்திப்பட்டுக்கும் போனேன். சாம்பல் மேட்டில் துண்டால் முகம் மூடிய ஆட்கள். யாரைக் கேட்டாலும் வேறொரு கான்ட்ராக்டர் பேரைச் சொல்கிறார்கள். அங்கே எந்தப் பேரில் அவரை எழுதியிருக்கிறார்கள், எழுதியே இருக்கிறார்களா, தெரியவில்லை.

அவரை அனுப்பிவிட்டுத்தான் மாமாவுக்கு நிழல் கொடுத்திருக்கிறார்கள். அது உனக்குத் தெரியும். எல்லோரும் ஒதுங்கியபோது உன் படியேறி வந்து உட்கார்ந்த ஒரே ஆள் அவர் என்று நீதான் எழுதினாய். நான் விற்றேன் என்று எழுதியவளும் நீதான்.

கிழிக்கச் சொன்ன கடிதத்தை நான் கிழிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் மாட்டேன். மாமா ஸ்டூலில் உட்காரட்டும். எனக்கு அத்திப்பட்டில் அவர் தங்கியிருக்கிற இடம் வேண்டும். மாமாவுக்குத் தெரியும். கேட்டு எழுது.

இத்தோடு தபால் தலை ஒட்டி, என் விலாசம் எழுதிய கவர் வைத்திருக்கிறேன். பெரிதாக எழுத வேண்டாம். இடத்தை எழுது. அதற்கும் பயமாக இருந்தால் இதை மட்டும் எழுது: அவர் கஞ்சியாவது விழுங்குகிறாரா?

டெரிக்